அலுவலக மேசையில் மீன் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடியில் நிர்வாக வேலை பார்க்கிறேன். நாற்காலிச் சக்கரம் கழன்றாலும் ஏர்கான் ஒழுகினாலும் என்னிடம்தான் வருவார்கள். என் இருக்கைக்குப் பின்னால் ஒன்பது வருடங்களாக ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "நானும் ஒன்று வைக்கட்டுமா அக்கா?" என்று லிஃப்டில் நிறுத்திக் கேட்பவர்கள் அதிகம். மீனைப் பற்றிய சந்தேகத்தைக் கடைக்காரரே தீர்த்துவிடுவார். தொட்டி உட்காரப்போகும் மேசையைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, மேசை மேல சின்னதா ஒரு தொட்டி வைக்கலாமா? தாங்குமா?

கடையில் காலியாகத் தூக்கிப் பார்க்கும்போது எல்லாத் தொட்டியும் சின்னதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கல், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றுக்குமாக அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாப் பக்கமும் 30 செ.மீ. உள்ள தொட்டி 27 லிட்டர் பிடிக்கும்; எடை சுமார் 36 கிலோ. 'இரண்டடித் தொட்டி' என்று விற்பது பெரும்பாலும் 60, 30, 36 செ.மீ.; ஏறக்குறைய 65 லிட்டர், 86 கிலோ. 90, 45, 45 செ.மீ. உள்ள மூன்றடித் தொட்டி 182 லிட்டர், 240 கிலோ. தண்ணீரை விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை, ஆகவே உண்மையான எடை இதைவிடக் கொஞ்சம் குறையும். அந்த மிச்சம் நம் பக்கம் இருக்கட்டும்.

வேலை செய்யும் மேசைக்கு 30 செ.மீ. தொட்டிதான் நான் ஒப்புக்கொள்ளும் எல்லை. இரண்டடித் தொட்டிக்கு நல்ல தாழ்வான கேபினட் வேண்டும். மூன்றடி என்றால் அலுவலக ஃபர்னிச்சரை மறந்துவிட்டு, மீன் தொட்டிக்கென்றே செய்த ஸ்டாண்டை வாங்குங்கள்.

நானே 80 கிலோ. மேசை மேல ஏறி நின்னு லைட் மாத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகலையே?

நீங்கள் இறங்கிவிட்டீர்கள். தொட்டி இறங்காது.

அலுவலக மேசைப் பலகை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சீவலையும் பசையோடு அழுத்திச் செய்து, மேலே வழுவழுப்பான தாள் ஒட்டியது. கொஞ்ச நேரம் எடை ஏற்றினால் வளைந்து, இறக்கியதும் நிமிர்ந்துவிடும். அதே எடை இரவும் பகலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் மெல்ல மெல்லத் தொய்யும். அப்புறம் இறக்கினாலும் நிமிராது. வீட்டில் பழைய புத்தக அலமாரியின் நடுத்தட்டு கீழ்நோக்கி வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். அந்த மேசை காகிதத்துக்கும் கணினிக்கும் முழங்கைக்கும் செய்தது. (மேசைமேல் ஏறி லைட் மாற்றியதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாண்ட்ரியில் ஏணி இருக்கிறது.)

எந்த ஃபர்னிச்சர் பரவாயில்ல, எது கூடவே கூடாது?

முதலில் கூடாதவை. சக்கரம் வைத்த டிராயர் பெட்டி கூடாது. யாராவது காலால் ஒரு தள்ளு தள்ளினால் தண்ணீர் அலையடிக்கும். ஏற்றி இறக்கும் மேசை கூடாது. மோட்டார் அந்த எடையைத் தூக்கலாம், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டி ஆடுகிறது, ஒரு மூலை முன்னும் ஒரு மூலை பின்னுமாகத் திருகுகிறது. நான்கு டிராயர் உள்ள உயரமான ஃபைல் கேபினட்டும் கூடாது. நெஞ்சுயரத்துக்கு மேல் அத்தனை தண்ணீர் இருக்க, கனமான மேல் டிராயரை ஒருவர் வேகமாக இழுத்தால் கேபினட்டே முன்னால் சாயப் பார்க்கும். சுவரில் தொங்கும் அலமாரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு பேர், நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் நீளமான மேசை தந்திரமானது. கால்கள் இரண்டு முனையிலும் இருக்கும். உங்கள் இடம் நடுவில் வந்துவிட்டால் பலகைக்கு அடியில் வெறும் காற்றுதான். பலகையில் வயர் விடுவதற்கு ஒரு வட்ட ஓட்டை போட்டிருப்பார்களே, அதையும் குனிந்து பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் பிளக் பெட்டி தொங்குகிறது. மேசையில் சிந்தும் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம் அதுவே. அப்படிப்பட்ட மேசையில் தொட்டி வேண்டாம்.

இனி பரவாயில்லாதவை. இடுப்பளவுக்கு மேல் போகாத, தரையோடு உட்காரும் இரும்புக் கேபினட் நல்லது. அதில் எடையைத் தாங்குவது பக்கவாட்டுத் தகடுகள். மேல்தகட்டின் நடுப்பகுதியை விரலால் தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் கேட்கும். அதனால் ஒரு பலகை போட்டு எடையைப் பக்கங்களுக்குக் கடத்த வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். மரக் கேபினட் என்றால் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு பலகை தரைவரை இறங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. வெறும் அகலமான பெட்டியாக, முதுகில் மெல்லிய அட்டை ஆணியடித்திருந்தால் அது பக்கவாட்டில் ஆடும். கையால் தள்ளிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தாங்கும் தாங்காதுன்னு தண்ணி ஊத்தாமலே எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதற்கு அலுவலகத்திலேயே எடைக்கல் இருக்கிறது. 500 தாள் கொண்ட ஒரு கட்டு ஏ4 காகிதம் இரண்டரைக் கிலோ. ஐந்து கட்டு உள்ள பெட்டி பன்னிரண்டரைக் கிலோ. 30 செ.மீ. தொட்டிக்கு மூன்று பெட்டி, இரண்டடித் தொட்டிக்கு ஏழு பெட்டி. தொட்டி நிற்கப்போகும் இடத்திலேயே அடுக்கி, சுவரோடு ஒட்டிவைத்து, சரியாமல் டேப் சுற்றிவிடுங்கள். ஏன் அடுக்கியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டாவிட்டால், மத்தியானத்துக்குள் ஒரு பெட்டி பிரின்டருக்குப் போய்விடும்.

அடுக்குவதற்கு முன்பு, பலகையின் அடிப்பக்கம் இடது முனையிலிருந்து வலது முனைவரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அடுக்கிய பிறகு ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதையே செய்யுங்கள். எடையில் பலகை தொய்ந்தால் நடுப்பகுதி நூலைக் கீழே தள்ளும். நூல் நேராக நிற்காது. முதல் நாளைவிட ஒரு வாரத்தில் தொய்வு கூடியிருந்தால், எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அந்த மேசையை விட்டுவிடுவேன். பெட்டிகளை இறக்கியபின் பலகை முழுக்க நிமிராவிட்டாலும் அப்படியே. கதவு, டிராயர் எல்லாம் முன்போலவே திறந்து மூடுகிறதா என்பதையும் பாருங்கள்.

அடியில பலகை போடணுமா, ஃபோம் போடணுமா?

இரண்டுக்கும் வேலை வேறு. 18 மில்லிமீட்டர் பிளைவுட் எடையைப் பரப்பும். கேபினட்டின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர்வரை எட்டும்படி அறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தொட்டியின் அளவுக்கே அறுத்தால் பயனில்லை. நான்கு விளிம்பிலும் வார்னிஷ் இரண்டு தடவை பூசுங்கள். தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான்.

ஃபோம் பாய் கண்ணாடியைக் காக்கும். அடிக்கண்ணாடி நேரடியாகப் பலகையில் உட்காரும் தொட்டிகளுக்கு அது வேண்டும்; ஒரு மணல் துகள் அடியில் மாட்டினாலே அந்த இடத்தில் அழுத்தம் குவிந்து விரிசல் விடும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டி அந்தச் சட்டத்தின்மேல்தான் நிற்க வேண்டும், அதற்கு ஃபோம் வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும்: தொய்ந்த மேசையை ஃபோம் நிமிர்த்தாது. காகிதப் பெட்டிச் சோதனையில் தோற்ற மேசைக்கு இரண்டு ஃபோம் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு.

ஒரு பக்கம் தண்ணி கொஞ்சம் இறக்கமா தெரியுது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். கைப்பேசியிலும் அந்த வசதி உண்டு. ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தால் கேபினட்டின் காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யலாம். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் எதையும் செருகாதீர்கள். குறுக்கு மூலைகளில் மட்டும் ஏற்ற இறக்கம் தெரிந்தால் பலகை திருகியிருக்கிறது. சிலிகான் ஒட்டு பிரிவதும் கண்ணாடி வெடிப்பதும் அந்தத் திருகலால்தான். தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

கரோசெல் இணையச் சந்தையில் பழைய தொட்டி மலிவா கிடைச்சுது. அப்படியே கொண்டுவந்து வைக்கலாமா?

வீட்டுக் குளியலறையிலோ வெளித் தாழ்வாரத்திலோ சமதரையில் வைத்து, நிரப்பி, இரண்டு நாள் விடுங்கள். கீழே செய்தித்தாள் விரித்தால் ஒரு சொட்டும் தெரியும். அலுவலகத்தில் சோதிக்காதீர்கள்.

புதுத் தொட்டியோ பழையதோ, அலுவலகத்தில் முதல் தடவை தண்ணீர் நிரப்புவதைத் திங்கட்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நேரம் கிடைக்கிறது என்று நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒழுக்கு இருந்தால் அது சனி, ஞாயிறு முழுக்க ஆளில்லாமல் ஒழுகும்.

ஆபீஸ்ல எந்த இடத்துல வைக்கிறது?

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணில் படும் இடத்தில். ஒழுக்கை முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். மேற்கு பார்த்த கண்ணாடிச் சுவர் வேண்டாம், சாயங்கால வெயிலில் பாசி பச்சையாகப் படியும். ஏர்கான் காற்று நேராக விழும் இடமும், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கமும் வேண்டாம். தண்ணீர்க் குழாயிலிருந்து எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். வாரா வாரம் வாளி தூக்கப்போகிறவர் நீங்கள். எங்கள் அலுவலகத்தில் பாண்ட்ரிக்கு அடுத்த மூலையில் வைத்தவர்கள் மட்டுமே இரண்டாம் வருடமும் தொட்டி வைத்திருந்தார்கள்.

எங்க ஆபீஸ் தரை தட்டினா உள்ள காலியா சத்தம் கேக்குது. பிரச்சினையா?

அது உயர்த்திய தரை. சுமார் 60 செ.மீ. சதுரப் பலகைகளைச் சிறு கால்களின்மேல் பதித்து, கீழே மின்சார வயரும் நெட்வொர்க் வயரும் ஓடவிட்டிருப்பார்கள். இரண்டடித் தொட்டியின் எடைக்கு அந்தத் தரை பொதுவாக அசையாது. கவலை தண்ணீரால்தான். மேலே சிந்தினால் கம்பளம் ஈரமாகும், துடைத்துவிடலாம். இடுக்கில் இறங்கிய தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் வயருக்குப் போகும். இந்த மாதிரித் தரையில் கேபினட்டுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு வையுங்கள். தண்ணீர் பட்டால் கத்தும் சிறிய அலாரம் ஒன்றையும் அந்தத் தட்டில் போடுங்கள். ஆளில்லாத இரவில் யாருக்குக் கேட்கும் என்று கேட்டால், பாதுகாவலருக்குக் கேட்கும்.

யார்கிட்ட அனுமதி கேக்கணும்? சொல்லாம வச்சா என்ன?

மேலாளரிடம் ஒரு மின்னஞ்சல், கட்டட நிர்வாகத்திடம் ஒரு மின்னஞ்சல். வாடகை ஒப்பந்தத்தில் விலங்கு, தண்ணீர், தரைச் சுமை பற்றிய வரிகள் இருக்கக்கூடும். தரைச் சுமையைக் கிலோநியூட்டனில் எழுதியிருப்பார்கள். சதுர மீட்டருக்கு ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிலோ. நம் தண்ணீர் கீழ்மாடிக்காரரின் கூரை வழியாக அவர் கணினியில் விழுந்தால், "எனக்குத் தெரியாதே" என்று முதலாளி சொல்லும் நிலையில் நீங்கள் இருக்கக்கூடாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; காப்புறுதி இதற்குப் பொருந்துமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஃபில்டர், லைட், ஹீட்டர் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல போடலாமா?

மின்சக்தி ஒரு பொருட்டே இல்லை. சிறிய ஃபில்டர் ஐந்தாறு வாட், விளக்கு பத்திருபது வாட், ஹீட்டர் 50 வாட். சிங்கப்பூரின் 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக்குக்கு இது கொசு. பயப்பட வேண்டியது ஈரக்கைக்கு. எக்ஸ்டென்ஷனில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடாமல் பக்கவாட்டில், உயரத்தில் திருகி மாட்டுங்கள். கணினி செருகியிருக்கும் அதே பெட்டியில் சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு வயரும் தொட்டியிலிருந்து வந்து, பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டி விழும், பிளக்குக்கு ஏறாது. நேராக இறங்கிப் பிளக்குக்குள் போகும் வயர் தண்ணீருக்குப் போட்ட சறுக்குப் பலகை. கட்டடத்து மின் பொறுப்பாளரிடம், உங்கள் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தை வெட்டும் சாதனம் உண்டா என்று கேளுங்கள். கையைத் தண்ணீரில் விடுவதற்கு முன் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

ஏர் பம்ப் கேபினட் உள்ள வச்சிருக்கேன். சத்தம் வராது, நல்லதுதானே?

பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மின்சாரம் நின்றால் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி, பம்புக்குள் போய், கேபினட்டுக்குள் சொட்டும். வார இறுதியில் பிளக்கை யாரோ அணைத்துவிட்டுப் போக, திங்கட்கிழமை வந்து ஃபைல்களைப் பிழிந்த ஒருவரை எனக்குத் தெரியும். குழாயின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று போட்டால் போதும். விலை ஒரு கோப்பி, ஒரு ரொட்டி காசுதான். அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்.

பாண்ட்ரி குழாய்த் தண்ணிய ஒரு ராத்திரி வச்சிட்டு ஊத்தினா போதும்னு அம்மா சொன்னாங்க.

ஊரில் அம்மா சொன்னது சரியாக இருந்திருக்கும். மீனுக்கு ஆகாத குளோரின் மட்டும் கலந்த தண்ணீரைத் திறந்துவைத்தால் அது போய்விடும். பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோராமின், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. ஓர் இரவில் அது போகாது. மீன் கடையில் கிடைக்கும் தண்ணீர்க் கண்டிஷனரைச் சொன்ன அளவு கலந்தால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குளோராமினுக்கும் சேர்த்தா என்று லேபிளில் பாருங்கள்.

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு மாற்றினால் போதும். வாளியை நிரம்ப எடுக்காதீர்கள், பாதி வாளியாக இரண்டு நடை போங்கள். மேசைக்கு வரும் ஈரத்தில் பெரும்பகுதி தொட்டி ஒழுகுவதால் வருவதில்லை, தண்ணீர் மாற்றும்போது நாம் சிந்துவதால் வருவது. சைஃபன் குழாயின் வாளி முனையை வாளியோடு கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள்.

ஏர்கான்ல மீன் நடுங்காதா?

பகலில் 23 டிகிரி. மாலை ஏர்கான் நின்றதும் கட்டடம் மெல்லச் சூடேறி 28, 29 வரை போகும். மறுநாள் காலை மீண்டும் இறங்கும். மீனுக்குக் குளிரைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் தொல்லை. தொட்டி சிறியதாக இருக்க இருக்க ஏற்ற இறக்கம் அதிகம். 26 டிகிரியில் வைத்த ஒரு சிறு ஹீட்டர் பகல் குளிரைச் சமாளிக்கும். தண்ணீர் மாற்றும்போது அதை முதலில் அணையுங்கள். தண்ணீருக்கு வெளியே எரிந்த ஹீட்டர் வெடிக்கும்.

எந்த மீன், எப்ப விடறது?

செராங்கூன் நார்த் அவென்யூ 1 மீன் கடைகள் பக்கம் போய் நின்றால் கடைக்குக் கடை ஆசை காட்டுவார்கள். அன்றே மீன் வாங்காதீர்கள். தொட்டியில் கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் விட்டால் மீன் தன் கழிவின் அம்மோனியாவிலேயே சாகும். நண்பரின் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் காலம் குறையும். 27 லிட்டரில் ஒரு சண்டை மீன், அல்லது கொஞ்சம் செர்ரி இறால். தங்கமீன் வேண்டாம், அது வளரும், அழுக்கும் நிறைய. கப்பி மீன் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். குட்டிகளை வாங்கிக்கொள்ள எத்தனை சக ஊழியர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

தீனி போடுவது ஒருவர் மட்டும். 'இன்று சாப்பிட்டாயிற்று' என்று ஓர் அட்டையைத் தொட்டியில் மாட்டுங்கள். அப்படியும் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் முறுக்குத் தூள் போட்டார்.

ஆறு மாசம் ஒண்ணும் ஆகல. இப்ப கேபினட் கதவு சரியா மூட மாட்டேங்குது. கீல் லூஸா?

கீலைத் தொடாதீர்கள். இதே தவற்றை நான் செய்திருக்கிறேன். என் முதல் தொட்டி மரக் கேபினட்டில் இருந்தது, நடுப்பலகை கிடையாது. நாலாவது மாதம் கதவு மேலே உரசியது. திருப்புளியால் கீலை இரண்டு சுற்று இறக்கினேன், மூடிற்று. மூன்று வாரத்தில் மீண்டும் உரசியது, மீண்டும் இறக்கினேன். கதவு நான் செய்த தவற்றை இரண்டு தடவை சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்பக்கம் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன்: பின்விளிம்பில் தாள் உரிந்து, உள்ளே பலகை தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட்டாக ஊதியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மூடியிலிருந்து வழிந்த ஈரம் மாதக்கணக்கில் பின்பக்கமாக இறங்கியிருக்கிறது.

உங்கள் கதவு உரசினால் அன்றே நூல் பிடித்துப் பாருங்கள். தொய்வு தெரிந்தால் பாதித் தண்ணீரை உடனே இறக்குங்கள். மீனுக்குப் பாதித் தண்ணீர் சில நாளைக்குப் போதும், ஹீட்டர் மட்டும் முழுகியிருக்க வேண்டும். அப்புறம் வேறு இடம் தேடுங்கள். ஊதிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய பலம் வராது. வார்னிஷ், சிலிகான் எதுவும் உதவாது. மாதம் ஒருமுறை தொட்டியின் பின்பக்கம் ஒரு டிஷ்யூ தாளைத் தேய்த்துப் பார்ப்பது இப்போது என் வழக்கம்.

சீனப் புத்தாண்டுக்கு ஆபீஸ் நாலு நாள் மூடுது. மீன் என்ன பண்ணும்?

நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினியைத் தாங்கும். போவதற்கு முன் இரட்டிப்புத் தீனி போடுவதுதான் கெடுதல். கடைசியாகப் போகிறவர் சிக்கனம் என்று எல்லாப் பிளக்கையும் அணைத்துவிட்டுப் போவார். தொட்டியின் பிளக்கில் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். கட்டடத்தில் மின்சாரப் பராமரிப்புக்காக ஆண்டுக்கொரு முறை மொத்த மின்சாரத்தையும் நிறுத்துவார்கள், பெரும்பாலும் வார இறுதியில். அறிவிப்பு வந்ததும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கிவையுங்கள். ஒருவழி வால்வு அதற்கும் வேண்டும்.

டெங்கி கொசு வரும்னு பக்கத்து சீட்டுக்காரர் சண்டை போடறார்.

மீன் இருக்கும் தொட்டியில் கொசுப்புழு பிழைக்காது, மீனுக்கு அது விருந்து. ஆனால் அவர் சொல்வதை முழுக்கத் தள்ளாதீர்கள். நான் கீழே வைக்கச் சொன்ன அந்தத் தட்டு, மூலையில் விட்ட வாளி, மீனுக்காகக் காத்திருக்கும் தொட்டி, இவற்றில் முட்டையிடலாம். ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம்தான். தட்டைத் துடையுங்கள், வாளியைக் கவிழ்த்து வையுங்கள், மீன் விடாத தொட்டிக்கு நெருக்கமான மூடி போடுங்கள்.

முதலாளி அதிர்ஷ்டத்துக்கு அரோவானா வேணும்கிறார். அதே கேபினட்ல வைக்கலாமா?

அரோவானா இரண்டடிக்கு மேல் வளரும், மூடியை முட்டிக்கொண்டு குதிக்கும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியை முதல் பதிலில் உள்ள கணக்கில் போட்டால் ஏறக்குறைய 650 லிட்டர், 860 கிலோ வரும். அந்தத் தாளை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். அப்புறமும் வேண்டும் என்றால் கட்டடப் பொறியாளர் வந்து தரையைப் பார்க்க வேண்டும். ஆசிய அரோவானா, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். மைக்ரோசிப்பும் சான்றிதழும் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

ஆபீஸ் மாறுது. தண்ணியோட ரெண்டு பேர் பிடிச்சு நகர்த்திடலாமா?

ஓர் அங்குலம்கூடக் கூடாது. தூக்கும்போது அடிக்கண்ணாடியில் தண்ணீரும் கல்லும் ஒரு பக்கம் சாயும், ஒட்டு அங்கேதான் பிரியும். முதலில் மீனை மூடியுள்ள வாளிக்கு மாற்றுங்கள், பழைய தண்ணீரோடு. ஃபில்டர் பஞ்சை ஈரமாகவே ஒரு பையில் போடுங்கள். காய்ந்தால் நாலு வாரம் மறுபடி காத்திருக்க வேண்டும். கல்லையும் எடுத்துவிட்டு, வெறும் தொட்டியை அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கேபினட் அதே கேபினட்டாக இருந்தாலும் ரசமட்டம் வைக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தரை வேறு.

வேலையை விட்டுப் போறேன். மீனைப் பக்கத்துக் கால்வாயில் விட்டுடவா, பாவமில்லையா?

விடாதீர்கள். பூங்காவிலோ நீர்த்தேக்கத்திலோ விலங்குகளை விடுவது இங்கே சட்டப்படி குற்றம். பழக்கமில்லாத தண்ணீரில் பெரும்பாலானவை செத்துப்போகும், பிழைப்பவை அங்கே இருக்கும் மீனை விரட்டும். புண்ணியம் என்று சிலர் விலங்குகளை விடும் விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகத்தார் இதைச் சொல்லிக்கொண்டு நீர்த்தேக்கக் கரைகளில் நிற்பது அதனால்தான். சில கடைகள் மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், பணம் தரமாட்டார்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் கேளுங்கள். இப்போது என் பின்னால் நீந்தும் ஏழு நியான் டெட்ராவில் நாலு, கணக்குப் பிரிவிலிருந்து போன தம்பி விட்டுப்போனவை. தொட்டியையும் கொடுத்தான். அவனுடைய கேபினட்டை நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, அதை மட்டும் வேண்டாம் என்றேன்.